நீருக்குள் வேகம் மாறும் பொருள்களும் கூடுதல் நிறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரில் மூழ்கி நகரும் பொருள்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இயற்பியல் மாணவர்கள், நீருக்கடியில் ஓடும் ரோபோ செய்கிறவர்கள், கப்பல் வடிவமைப்புக்குப் புதிதாக வந்தவர்கள் என யார் கேட்டாலும் குழப்பம் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைத் தொகுத்து, எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி அடுக்கியிருக்கிறேன்.

எண்கள் தேவைப்படும்போது கூடியவரை ஒரே பொருளையே எடுத்துக்கொள்கிறேன்: 22 செ.மீ. விட்டமும் 430 கிராம் நிறையும் உள்ள கால்பந்து. முழுக்க மூழ்கினால் அது ஏறத்தாழ 5.6 லிட்டர், அதாவது 5.6 கிலோ நீரை விலக்கும்.

1. தண்ணீருக்குள் பந்தை வெடுக்கென்று தள்ளினால் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது?

பந்து நகர வேண்டுமானால் முன்னால் இருக்கும் நீர் விலக வேண்டும்; பின்னால் காலியாகும் இடத்தை நீர் வந்து நிரப்ப வேண்டும். சும்மா இருந்த நீர் இப்போது ஓடுகிறது. அதை ஓடவைத்த விசை உங்கள் கையிலிருந்துதான் போயிருக்கிறது. பந்தின் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் சுற்றியுள்ள நீரின் வேகத்தையும் சேர்த்துக் கூட்டியாக வேண்டும்.

அதனால் நியூட்டனின் இரண்டாம் விதியில் பந்தின் நிறையை மட்டும் போட்டால் கணக்கு ஒத்துவராது. அதோடு இன்னொரு எண்ணையும் கூட்ட வேண்டும். அதுதான் கூடுதல் நிறை. நம் கால்பந்துக்கு அது ஏறத்தாழ 2.8 கிலோ, அதாவது பந்தின் சொந்த நிறையைப் போல ஆறரை மடங்கு.

2. அது தண்ணீரின் எதிர்ப்புதானே? அதற்கு எதற்குத் தனிப் பெயர்?

எதிர்ப்பு என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று இழுவை. அது வேகத்தைப் பொறுத்தது. பொருள் சீராகப் போய்க்கொண்டிருந்தாலும் விடாமல் இழுக்கும். இழுவைக்குக் கொடுத்த ஆற்றல் சுழல்களாகி, கடைசியில் வெப்பமாகி ஒழியும். இன்னொன்று கூடுதல் நிறை. அது முடுக்கத்தைப் பொறுத்தது. அதற்குக் கொடுத்த ஆற்றல் நீரின் இயக்க ஆற்றலாகச் சேமிப்பில் இருக்கும். பொருள் வேகம் குறையும்போது திரும்ப வரும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க, பந்தைச் சிறிய வீச்சில் முன்னும் பின்னுமாக வேகமாக ஆட்டுங்கள். முனையில் திரும்பும் கணத்தில் வேகம் சுழி, ஆகவே இழுவையும் கிட்டத்தட்ட சுழி. ஆனால் கைக்கு அதிகச் சிரமம் அந்தக் கணத்தில்தான், ஏனென்றால் முடுக்கம் அங்கேதான் உச்சம். வீச்சு பந்தின் விட்டத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை கூடுதல் நிறையின் கை ஓங்கியிருக்கும். வீச்சு விட்டத்தைப் போலப் பல மடங்கு ஆகிவிட்டால் இழுவை முந்திக்கொள்ளும். கியூலகன், கார்ப்பென்டர் இருவரும் 1958இல் வெளியிட்ட சோதனைகளுக்குப் பிறகு, இந்த ஒப்பீட்டுக்கு அவர்கள் பெயரிலேயே ஓர் எண் வழக்கில் இருக்கிறது.

3. அப்படியானால் 2.8 கிலோ தண்ணீர் பந்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள், ஏனென்றால் பிற்பாடு வரும் குழப்பங்களில் பாதி இந்தப் படத்திலிருந்துதான் பிறக்கிறது. பந்து முன்னோக்கிப் போகும்போது அதன் மூக்குக்கு நேர் முன்னால் உள்ள நீர் பந்தின் வேகத்திலேயே முன்னோக்கிப் போகிறது. பக்கவாட்டில், பந்தின் இடுப்பை ஒட்டிய நீரோ அதன் பாதி வேகத்தில் பின்னோக்கிப் போகிறது! (உராய்வில்லாத பாய்மம் என்று வைத்துச் செய்த கணக்கு இது.) ஒட்டிக்கொண்டு வரும் நீர்க்கட்டி இப்படி நடந்துகொள்ளாது.

நகர்வது சுற்றியுள்ள நீர் முழுவதும்தான். ஆனால் தூரம் போகப்போக மிக வேகமாக அடங்கிவிடுகிறது. பந்தின் மையத்திலிருந்து இரண்டு ஆரத் தொலைவில், நேர் முன்னால், நீரின் வேகம் பந்தின் வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. நீரிலுள்ள மொத்த இயக்க ஆற்றலில் எட்டில் ஏழு பங்கு அந்த இரண்டு ஆர எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். இப்படிப் பரவிக் கிடக்கும் ஆற்றலையெல்லாம் கூட்டி, "பந்தின் வேகத்திலேயே எத்தனை கிலோ ஓடினால் இதே ஆற்றல் வரும்?" என்று கேட்டால் கிடைக்கும் விடைதான் 2.8 கிலோ.

ஒட்டும் நீர் என்ற படம் தப்பு என்றாலும் அதற்குள் ஓர் அழகான உண்மை ஒளிந்திருக்கிறது. பந்தின் பாதைக்குக் குறுக்கே நீரில் ஒரு தளத்தைச் சாயத்தால் குறித்துவைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். வெகு தூரத்திலிருந்து வரும் பந்து அதைக் கடந்து வெகு தூரம் போன பிறகு பார்த்தால், தளம் முன்னோக்கிப் புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்புக்குள் அடங்கும் நீரின் நிறை கூடுதல் நிறைக்குச் சமம். இதை 1953இல் காட்டியவர் சார்லஸ் கால்டன் டார்வின். பரிணாமக் கொள்கையின் டார்வினுக்குப் பேரன்.

4. எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாதி என்கிறார்கள், முழுசு என்கிறார்கள்.

இரண்டுமே சரிதான், வடிவம் வேறு. முழுக்க மூழ்கிய கோளத்துக்கு, அது விலக்கும் நீரின் நிறையில் பாதி. குறுக்காக நகரும் நீண்ட உருளைக்கு, விலக்கும் நீரின் நிறை முழுவதும். வழி எல்லா வடிவத்துக்கும் ஒன்றேதான்: 3ஆம் பதிலில் சொன்னதுபோல நீரின் இயக்க ஆற்றலைக் கூட்டி, வேகத்தின் இருமடியில் பாதியால் வகுப்பது.

பலர் தடுமாறுவது தட்டையான பொருளில். மெல்லிய வட்டத் தகடு விலக்கும் நீர் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனாலும் முகம் முன்னோக்கி நகரும்போது அதன் கூடுதல் நிறை, ஆரத்தின் மும்மடியை நீரின் அடர்த்தியால் பெருக்கி, அதில் மூன்றில் எட்டு மடங்கு. 11 செ.மீ. ஆரமுள்ள தகடு என்றால் சுமார் மூன்றரைக் கிலோ வருகிறது. நம் பந்துக்கு வந்ததைவிட அதிகம். அதே தகட்டை விளிம்பு முன்னோக்கி நகர்த்தினால் கிட்டத்தட்ட சுழி. கணக்கில் வருவது பொருளின் பருமன் அல்ல. எவ்வளவு நீரை எவ்வளவு தூரம் சுற்றிப்போக வைக்கிறது என்பதுதான்.

5. கூடுதல் நிறை இருந்தால் பந்து தண்ணீரில் எடை கூடி மூழ்க வேண்டாமா?

கூடுதல் நிறைக்கு எடை கிடையாது. புவியீர்ப்பு பந்தை இழுப்பது அதன் 430 கிராமுக்குத்தான். சுற்றியுள்ள நீரின் எடை மிதப்பு விசையாக ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. கூடுதல் நிறை நிலைமத்தில் மட்டுமே வரும், அதாவது சமன்பாட்டில் முடுக்கத்தைப் பெருக்கும் இடத்தில்.

கால்பந்தை ஆழத்தில் பிடித்து விட்டுவிடுங்கள். மிதப்பு விசையிலிருந்து எடையைக் கழித்தால் மேல்நோக்கி ஏறத்தாழ 50 நியூட்டன். பந்தின் நிறையால் மட்டும் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 12 மடங்கு வருகிறது. பீரங்கியிலிருந்து கிளம்புவது போல இருக்க வேண்டும்! கூடுதல் நிறையையும் சேர்த்து 3.2 கிலோவால் வகுத்தால் 1.6 மடங்கு. நடப்பது இந்த இரண்டாவதுதான், அதுவும் முதல் கணத்தில் மட்டும். வேகம் பிடித்ததும் இழுவையும் சேர்ந்துகொள்ளும்.

6. காற்றுக் குமிழிக்கு நிறையே இல்லையே, அதன் முடுக்கம் முடிவிலியா?

கூடுதல் நிறை இல்லாவிட்டால் அப்படித்தான் வந்திருக்கும். குமிழிக்குள் இருக்கும் காற்றின் நிறை ஒரு பொருட்டே அல்ல. நகர வேண்டியது நீர் மட்டும். மிதப்பு விசை விலக்கிய நீரின் எடைக்குச் சமம், நிலைமம் அதே நீரில் பாதி. ஆகவே உருண்டையான குமிழி கிளம்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போலச் சரியாக 2 மடங்கு. குமிழி பெரியதா சிறியதா என்பதே இந்தக் கணக்கில் வராது.

7. வேகம் குறையும்போது என்ன ஆகும்? முனைவேகம் மாறுமா?

வேகம் குறையும்போது நீர் பின்னாலிருந்து தள்ளும். பெரிய கப்பல் நிற்க வெகு தூரம் எடுத்துக்கொள்வதில் இதற்கும் ஒரு சிறு பங்கு உண்டு. நேராகப் போகும் கப்பலின் கூடுதல் நிறை அதன் சொந்த நிறையில் 5 முதல் 10 சதவீதம்தான் என்பதால் மிகைப்படுத்த வேண்டாம். படகுத்துறையில் பக்கவாட்டாக நகர்த்தும்போது கதை வேறு. அப்போது கூடுதல் நிறை கப்பலின் நிறையையே நெருங்கும், கயிறும் தடுப்பும் அதற்குத் தாங்க வேண்டும்.

முனைவேகம், அதாவது விழும் அல்லது எழும் பொருள் கடைசியில் எட்டும் மாறாத வேகம், மாறாது. அங்கே முடுக்கம் சுழி. எடை, மிதப்பு, இழுவை மூன்றும் சமனாகிவிட்ட நிலை அது. அந்த வேகத்தை எட்ட எடுக்கும் நேரம் மட்டும் கூடும்.

8. காற்றிலும் இது உண்டா? யாரும் சொல்வதில்லையே.

உண்டு, ஆனால் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ, நீருக்கு 1000. நம் கால்பந்துக்குக் காற்றில் கூடுதல் நிறை மூன்றரைக் கிராமுக்கும் குறைவு, அதாவது அதன் நிறையில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஹீலியம் பலூன், வான்கப்பல், பாராசூட் போன்றவை மட்டும் விதிவிலக்கு. அவற்றின் சொந்த நிறையே விலக்கும் காற்றின் நிறையோடு ஒப்பிடக்கூடியது என்பதால் விட்டுவிட முடியாது.

சொல்லப்போனால் இந்த விஷயம் முதலில் கவனத்துக்கு வந்ததே ஊசல் சோதனைகளில்தான். டூ புவா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1786இல் நீரில் ஊசலை ஆட்டி, மிதப்பு மட்டும் கணக்கை முடிக்கவில்லை என்று கண்டார். பிறகு வானியலாளர் பெஸ்ஸல், புவியீர்ப்பை ஊசலால் துல்லியமாக அளக்கும் முயற்சியில் 1828இல் அதே முடிவுக்கு வந்தார். ஒரே அளவுள்ள பித்தளைக் குண்டையும் தந்தக் குண்டையும் ஆட்டிப் பார்த்தவர் அவர். காற்றின் மிதப்புக்குத் திருத்தம் செய்த பிறகும் எஞ்சிய வித்தியாசத்தை, காற்றும் கூடவே அசைக்கப்படுகிறது என்று கொண்டால்தான் விளக்க முடிந்தது.

9. ஒரே பொருளுக்குத் திசைக்கு ஒரு கூடுதல் நிறையா?

ஆமாம். கோளம், கனசதுரம் போன்ற சில வடிவங்கள்தான் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இருக்கும். விட்டத்தைப் போல 10 மடங்கு நீளமுள்ள சுருட்டு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் முடுக்கினால் கூடுதல் நிறை, விலக்கும் நீரில் 2 சதவீதம். குறுக்கே முடுக்கினால் 96 சதவீதம். நீளம் 2 மடங்கு மட்டும் என்றால் 21 சதவீதமும் 70 சதவீதமும்.

இதன் விளைவு கொஞ்சம் விசித்திரமானது: சாய்வாகத் தள்ளினால் பொருள் தள்ளிய திசையில் முடுக்கமடையாது. நீளவாக்கில் நிலைமம் குறைவு, ஆகவே முடுக்கம் அந்தப் பக்கமாகச் சாயும். நிறை என்பது ஒரே எண் என்று பழகிய மனதுக்கு இது முதலில் உறுத்தும். நீருக்கடி ரோபோவின் கணக்கில் நேராக நகரும் 3 திசை, சுழலும் 3 திசை ஆகியவற்றுக்கு 6 வரிசை, 6 நிரல் என 36 எண்கள் வரும். எல்லையற்ற நீரில் அவை சமச்சீரானவை என்பதால் தனித்தனியானவை 21. பொருளுக்கு மூன்று சமச்சீர்த் தளங்கள் இருந்தால் 6 போதும்.

10. முடுக்கமே இல்லாமல் சீராகப் போனால் கூடுதல் நிறைக்கு வேலை இல்லைதானே?

விசையைப் பொறுத்தவரை இல்லை. சீரான வேகத்தில் போகும் பொருளின் மேல் உராய்வற்ற பாய்மம் எந்த நிகர விசையையும் செலுத்தாது என்பதை தாலம்பேர் 1752இலேயே சொல்லிவிட்டார். அது ஏன் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பது தனிக் கதை.

ஆனால் சுழற்றும் விளைவு உண்டு! சுருட்டு வடிவம் கொஞ்சம் சாய்ந்தபடி சீராகப் போகிறது என்று வையுங்கள். 9ஆம் பதிலில் சொன்னபடி குறுக்குத் திசையில் கூடுதல் நிறை அதிகம். ஆகவே நீரின் உந்தம் பொருள் போகும் திசையில் இல்லாமல் குறுக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். பொருள் முன்னேற முன்னேற அந்த உந்தத்தின் செயல்கோடும் இடம் மாற வேண்டும், அதற்கு ஒரு திருப்புவிசை தேவை. அதன் எதிர்வினை பொருளின் மேல் விழுந்து சாய்வை இன்னும் கூட்டுகிறது, பொருளை முழுக்கக் குறுக்காகத் திருப்பப் பார்க்கிறது. வான்கப்பல்களுக்காக மாக்ஸ் மங்க் 1920களில் இதைக் கணக்கிட்டார். இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. நீர்மூழ்கிக்கும் டார்பிடோவுக்கும் வால் துடுப்புகள் வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

11. பொருள் நிற்கிறது, தண்ணீர்தான் முடுக்கமடைகிறது. அதே விசைதானே வரும்?

வராது. நன்றாகப் படித்தவர்களும் தவறும் இடம் இது. சார்பு இயக்கம் ஒன்றுதானே என்ற வாதம், வேகம் சீராக இருக்கும்வரைதான் செல்லும். நீர் முடுக்கமடைய வேண்டுமானால் அதற்குள் அழுத்தம் ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். பொருள் இல்லாவிட்டாலும் அந்த அழுத்த வேறுபாடு இருந்திருக்கும். இப்போது அது பொருளையும் தள்ளுகிறது, விலக்கிய நீரைத் தள்ளியிருக்கும் அதே அளவில். அதன் மேல் கூடுதல் நிறையின் பங்கும் சேர்கிறது. ஆகவே நிற்கும் கோளத்துக்குப் பாதி அல்ல, ஒன்றரை மடங்கு. குறுக்காக நிற்கும் உருளைக்கு ஒன்று அல்ல, 2 மடங்கு. அலைகள் கடல் மேடைகளின் தூண்களைத் தாக்கும் விசைக்கு மோரிசனும் உடன் பணியாற்றியவர்களும் 1950இல் தந்த சமன்பாட்டில் இந்த 2 வருகிறது. நடைமுறையில் அந்தக் கெழு சொரசொரப்பையும் அலையின் வீச்சையும் பொறுத்து மாறும்.

பொருள் கட்டப்படாமல் இருந்தால் இன்னும் வேடிக்கை. நீரின் அடர்த்தியே உள்ள பொருள் நீரோடு சேர்ந்தே முடுக்கமடையும். அதைவிடக் கனமானது பின்தங்கும். லேசானது நீரை முந்திக்கொண்டு போகும்: குமிழியின் முடுக்கம் நீரின் முடுக்கத்தைப் போல 3 மடங்கு, கால்பந்துக்கு 2.6 மடங்கு. இழுவை வந்து தடுக்கும்வரை இந்தக் கணக்கு.

12. இதெல்லாம் உராய்வில்லாத பாய்மத்தின் கணக்கு. உண்மையான தண்ணீரில் அந்தப் பாதி நிற்குமா?

வியக்கத்தக்க அளவுக்கு நிற்கும். முடுக்கம் மாறிய அந்தக் கணத்தில் நீர் காட்டும் எதிர்வினை பாகுநிலையைப் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் அழுத்தம் நீர் முழுவதும் கிட்டத்தட்ட உடனே பரவிவிடுகிறது. பாகுநிலையோ மேற்பரப்பிலிருந்து மெல்ல மெல்லத்தான் வெளியே பரவும்.

அந்த மெல்லப் பரவுதல் தன் கணக்கைத் தனியாக எழுதும். இந்தக் கணத்தில் வரும் விசை இந்தக் கணத்தின் முடுக்கத்தை மட்டும் பொறுத்ததாக இல்லாமல், இதுவரை இருந்த முடுக்கங்கள் அனைத்தையும் நினைவில் வைத்திருக்கும். பழையவற்றின் பங்கு படிப்படியாகத் தேயும். பூசினெஸ்க் 1885இலும் பாசெட் 1888இலும் தனித்தனியே இதை எழுதினார்கள். சிறிய துகள்களின் கணக்கில் இதைத் தவிர்க்க முடியாது. கணினியில் போடும்போது ஒவ்வொரு படியிலும் முழு வரலாற்றையும் கூட்ட வேண்டியிருப்பதால் பலர் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பெஸ்ஸலின் ஊசலுக்கு வருவோம். கூடுதல் நிறையை, விலக்கிய பாய்மத்தின் நிறையால் வகுத்துவரும் கெழு அவருக்கு நீரில் ஏறத்தாழ 0.6 என்றும் காற்றில் 0.9க்கு மேலும் வந்தது. பாதி வரவில்லை என்பதோடு, காற்றில் அதிகமாக வேறு வந்திருக்கிறது. 1851இல் ஸ்டோக்ஸ் இந்தப் புதிரை அவிழ்த்தார். ஊசலைச் சுற்றி உராய்வால் இழுபடும் அடுக்கின் தடிமன், பாகுநிலையை அடர்த்தியால் வகுத்துவரும் எண்ணைப் பொறுத்தது. அந்த எண் நீரைவிடக் காற்றுக்குச் சுமார் 15 மடங்கு பெரிது. 2 வினாடி அலைவுநேரம் உள்ள ஊசலுக்கு அந்தத் தடிமன் நீரில் 0.8 மில்லிமீட்டர், காற்றில் 3 மில்லிமீட்டர். இந்தத் தடிமனைக் குண்டின் ஆரத்தால் வகுத்து 9ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் வருவது, பாதிக்கு மேல் கூட்ட வேண்டிய பங்கு. ஊசலின் கம்பியும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது.

13. சுவர், தரை, தொட்டி பக்கத்தில் இருந்தால்?

கூடும். நீர் ஒதுங்க இடம் குறைந்தால் இடுக்கு வழியாக வேகமாக ஓட வேண்டும், ஆகவே அதன் இயக்க ஆற்றல் அதிகம். ஆனால் 3ஆம் பதிலில் சொன்னதுபோல நீரின் ஓட்டம் சீக்கிரம் அடங்கிவிடுவதால் சுவர் நெருக்கத்தில் இருந்தால்தான் தெரியும். கோளத்தின் மையம் சுவரிலிருந்து ஒரு விட்டத் தொலைவில் இருந்தால், சுவரை நோக்கி நகரும்போது 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், சுவருக்கு இணையாக நகரும்போது அதில் பாதியும் கூடும்.

எல்லாப் பக்கமும் அடைத்தால் நிலைமை வேறு. இருமடங்கு ஆரமுள்ள கோளத் தொட்டியின் நடுவில் இருந்தால் 0.5 என்பது 0.71 ஆகிறது. தொட்டி இறுக இறுக எல்லையில்லாமல் ஏறும்.

14. நீர்மட்டத்தின் அருகில் கூடுதல் நிறை எதிர்மறையாகவும் வரும் என்று படித்தேன். அச்சுப் பிழையா?

பிழை இல்லை. நீர்மட்டத்தின் அருகே ஆடும் பொருள் அலைகளை எழுப்பும். அப்போது கூடுதல் நிறை ஒரே எண்ணாக இல்லாமல் ஆட்டத்தின் அதிர்வெண்ணோடு சேர்ந்து மாறும். அளக்கும்போது நாம் செய்வது, விசையில் முடுக்கத்தோடு ஒத்துப்போகும் பகுதியைப் பிரித்தெடுப்பது. நீரின் இயக்க ஆற்றல் ஒரு பக்கம் இருக்க, மேலெழுந்த நீரின் நிலையாற்றலும் இப்போது கணக்கில் வருகிறது. அது சுருள்வில்லைப்போல எதிர்ப்பக்கம் இழுக்கும். இரட்டை உடல் கப்பல்களின் நடுவே உள்ள நீர், மட்டத்துக்குச் சற்றுக் கீழே மூழ்கிய பொருள் ஆகியவற்றில் சில அதிர்வெண்களில் அந்த இழுப்பு மிஞ்சிவிடும், எண் எதிர்மறையாகும். நீரின் இயக்க ஆற்றல் எதிர்மறையாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

15. பொருள் மேலிருந்து தண்ணீரில் விழும்போது "பட்" என்று அடிப்பதும் இதுதானா?

பெரும்பாலும் இதுதான். தொடும் கணத்தில் கூடுதல் நிறை சுழி, உள்ளே இறங்க இறங்க அது வேகமாக வளர்கிறது. மொத்த உந்தம் மாறாமல் இருக்க, வேகம் சட்டென்று குறைந்தாக வேண்டும். அந்தக் குறைவுதான் அடி. கடல் விமானங்களின் மிதவைகளுக்காக வான் கார்மன் 1929இல் இந்த வழியில் கணக்குப் போட்டார். தட்டையான அடிப்பகுதி மிகச் சிறிய ஆழத்திலேயே பெரிய கூடுதல் நிறையைச் சேர்த்துக்கொள்வதால் அடி பலமாகும். கூரிய அடிப்பகுதிக்கு அது மெல்ல வளரும்.

16. மீன்கள் இதைப் பயன்படுத்துகின்றனவா, இல்லை சமாளிக்கின்றனவா?

இரண்டும். மீன் தன் உடலைப் பக்கவாட்டில் அலைபோல ஆட்டும்போது ஒவ்வொரு துண்டும் தன் கூடுதல் நிறைக்கு ஏற்பப் பக்கத்து நீருக்கு உந்தம் கொடுக்கிறது. அந்த உந்தம் வால் வழியாகப் பின்னால் விடப்படும்போது மீன் முன்னே தள்ளப்படுகிறது. லைட்ஹில் 1960இல் மெலிந்த உடலுள்ள மீன்களுக்கு எழுதிய கோட்பாட்டின் சாரம் இது. வால் துடுப்பு மெல்லியதாக இருந்தும் மேலும் கீழும் அகலமாக இருப்பதன் பயனை 4ஆம் பதிலின் தகட்டிலிருந்தே ஊகிக்கலாம்: சதை கொஞ்சம், அசைக்கும் நீர் அதிகம்.

ஆக்டோபஸும் கணவாயும் வேறு விதம். உள்ளே நிரப்பிய நீரைப் பீய்ச்சித் தப்பி ஓடும்போது உடலும் சுருங்குகிறது. கூடுதல் நிறை ஓடும்போதே குறைவதால், நீருக்குக் கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு. மாறாத உடலுள்ள இயந்திரத்துக்கு இந்த வசதி கிடையாது.

17. என் ரோபோவின் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்து நிற்கிறது. அதுவும் கூடுதல் நிறையில் சேர்ந்ததா?

சேர்க்காதீர்கள். உள்ளே அடைபட்ட நீர் உண்மையாகவே ரோபோவோடு சேர்ந்து போகிறது. 3ஆம் கேள்வியில் மறுத்த அந்த ஒட்டிய நீர் இங்கேதான் நிஜம். அதைச் சாதாரண நிறையாக ரோபோவின் நிறையில் கூட்டுங்கள். அதன் எடையை அதன் மிதப்பே ஈடுசெய்துவிடும், ஆகவே தராசில் தெரியாது, முடுக்கத்தில் மட்டும் தெரியும். வெளிவடிவத்தின் கூடுதல் நிறை தனியாக, அதற்கு மேல்.

சுழலும்போது மட்டும் கவனம். உருண்டையான தொட்டிக்குள் உள்ள நீர், தொட்டி திரும்பும்போது கூடவே திரும்பாது. உராய்வு இழுத்தால்தான் மெதுவாக வரும். சட்டங்களுக்கு நடுவே ஓட்டைகள் அதிகமுள்ள திறந்த கூடு என்றால் எது உள்ளே, எது வெளியே என்று பிரிப்பதே கடினம். அங்கே கணக்கைவிட அளவீட்டை நம்புங்கள்.

18. கணினி உருவகக் கணிப்பில் பொருள் லேசாக இருந்தால் எண்கள் வெடித்துவிடுகின்றன. நேரப்படியை (ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் இடையே விடும் நேரத்தை) குறைத்தும் பயனில்லை. ஏன்?

பொருளையும் நீரையும் மாறி மாறித் தீர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழைய முடுக்கத்தை வைத்து நீரின் விசையைக் கணக்கிடுவது, அந்த விசையைப் பொருளின் நிறையால் வகுத்துப் புதிய முடுக்கத்தைப் பெறுவது. ஒவ்வொரு சுற்றிலும் பிழை, கூடுதல் நிறையைச் சொந்த நிறையால் வகுத்த எண்ணால் பெருக்கப்பட்டு, குறியும் மாறுகிறது. எஃகு உருண்டைக்கு அந்த எண் 0.06, பிழை உடனே சாகும். கால்பந்துக்கு 6.5, நாலைந்து சுற்றில் பிழை ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும். அந்த விகிதத்தில் நேரப்படியே இல்லை, அதனால்தான் குறைத்தும் பயனில்லை.

தீர்வு எளிது. தோராயமான ஒரு கூடுதல் நிறையைச் சமன்பாட்டின் இரு பக்கமும் கூட்டிவிடுங்கள். துல்லியமாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அல்லது ஒவ்வொரு சுற்றிலும் புதிய முடுக்கத்தில் ஒரு பங்கை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கால்பந்துக்கு அந்தப் பங்கு 0.27க்குக் கீழே இருந்தால்தான் நிலைக்கும், 0.13 அருகில் மிக வேகமாகக் குவியும்.

19. பெரிய சோதனைக்கூடம் இல்லாமல் நானே அளந்து பார்க்க முடியுமா?

முடியும். பொருளை ஒரு சுருள்வில்லில் தொங்கவிட்டுக் காற்றில் ஆட்டி அலைவுநேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழுக்க நீரில் மூழ்கவிட்டு ஆட்டுங்கள். இரண்டு நேரங்களின் விகிதத்தை இருமடியாக்கி ஒன்றைக் கழித்து, தொங்கும் நிறையால் பெருக்கினால் கூடுதல் நிறை கிடைக்கும். மிதப்பு, வில் நிற்கும் இடத்தை மட்டுமே மாற்றும், அலைவுநேரத்தை மாற்றாது. நீரில் மிதக்கும் பொருளாக இருந்தால் கீழேயும் ஒரு வில்லைக் கட்ட வேண்டியிருக்கும்.

ஊசலாலும் செய்யலாம், ஆனால் அங்கே மிதப்பும் குறுக்கிடும். காற்றில் 1 வினாடி எடுக்கும் எஃகுக் குண்டு நீரில் 1.07 வினாடி எடுக்கும் என்று மிதப்பு மட்டும் சொல்லும், கூடுதல் நிறையைச் சேர்த்தால் 1.10 வரும். நூறு அலைவுகளை எண்ணினால் சாதாரணக் கடிகாரத்திலேயே இந்த வித்தியாசம் தெரியும், குண்டு அவ்வளவு நேரம் ஆடினால். இல்லாவிட்டால் இருபது முப்பது அலைவுகளாக எண்ணிச் சராசரி எடுங்கள். எந்த முறையானாலும் வீச்சைச் சிறியதாக வையுங்கள், காரணம் 2ஆம் பதிலில். தொட்டியை அகலமாக எடுங்கள், காரணம் 13ஆம் பதிலில். கோளத்துக்கு 0.5க்குச் சற்று மேலே வந்தால் அளவீட்டைத் திருத்த முயலாதீர்கள். 12ஆம் பதிலில் உள்ள அடுக்கு அங்கே இருக்கிறது.